பாழ் போர்: மூடி போடவா, மழைநீர் விடவா, அடைத்துவிடவா?

தண்ணீர் வராத போரின் வாயில் சாக்கைச் சுருட்டித் திணித்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த போருக்கு இடம் பார்ப்பது சாயர்புரம் பக்கமும் புதிதல்ல. 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்த பிறகு, தமிழ்நாடு முழுக்க அவசர அவசரமாக மூடி போட்டார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் மூடி பிள்ளைகளைக் காக்கும். நிலத்தடி நீரை முழுசாகக் காக்காது.

எந்த வழி என்பதைக் கடைசியாக வந்த தண்ணீரே சொல்லிவிடும். நினைவில்லையென்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் குடிநீருக்கான இந்தியத் தர வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

நல்ல தண்ணீர், கோடையில் மட்டும் வற்றுகிறதா? மூடி போதும். இரும்புத் தகட்டை வெல்டிங் வையுங்கள், அல்லது போல்ட் போட்டு முறுக்குங்கள். கேசிங் குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் சிமென்ட் மேடை என்பது 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படியொரு வெள்ளம் வந்தால் இந்த உயரமும் பத்தாது. பள்ளமான இடமென்றால் குழாயை இன்னும் உயர்த்துங்கள்.

நல்ல தண்ணீர்ப் போர் நிரந்தரமாக வற்றிவிட்டால் மழைநீர் விடலாம். கூரைத் தண்ணீர் மட்டும், அதுவும் ஜல்லியும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாக. தெருத் தண்ணீர், உரம் போட்ட வயல் தண்ணீர், மாட்டுத் தொழுவத்துக் கழிவு எதுவும் கூடாது. விட்டால், மண் வடிகட்ட வேண்டியதை நாமே நேராக அடிக்கு இறக்கியதாகிவிடும். உண்மையில் இந்த வேலைக்குப் போரைவிடப் பழைய இறவைக் கிணறுதான் தோது. கைப்பிடிச் சுவரும் கம்பி வலையும் போட்டால் போதும், தூர்க்கவே வேண்டாம்.

உப்புப் போர்தான் சிக்கல். கடலோரத்தில் பெரும்பாலும் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் அடியிலும் நிற்கும். ஆழம் போய் உப்பைத் தொட்டுக் கைவிட்ட போர் இரண்டுக்கும் நடுவே திறந்த வழி. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் மேல்நீரை இறைக்க இறைக்க, உப்பு அந்தத் துளை வழியே ஏறும். மூடி இதைத் தடுக்காது. களிமண், மணல், கூழாங்கல், போர் போட்ட கழிவு என எதைக் கொண்டும் தரைவரை நிரப்பலாம் என்கிறது நீதிமன்ற வழிகாட்டுதல். ஆள் விழாமலிருக்க அது சரி. மணலும் கூழாங்கல்லும் தண்ணீரைத் தடுக்குமா? மோட்டாரையும் குழாயையும் உருவிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, சிமென்ட் கலவையையோ பென்டோனைட் களிமண்ணையோ குழாய் வைத்து அடியிலிருந்து மேலே நிரப்ப வேண்டும். மேலிருந்து கொட்டினால் நடுவில் சிக்கி அடியில் வெற்றிடம் நிற்கும்.

செலவு அதிகம்தான். ஆனாலும் உப்புப் போருக்கு வேறு வழி பார்க்காதீர்கள். பேரூராட்சியில் தகவல் சொல்லிவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் அடைத்து முடியுங்கள்.