நீட்டுப் பேரை வாலில் பிடியுங்கள்

சுவீடனிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை, கல்முனை பஸ்ஸிலிருந்து ஊர்ப்பலகைகளை வாசிக்கத் திணறுகிறதா? வீட்டிலேயே பழக்கலாம்.

1. பேரைக் கடைசியிலிருந்து பிரியுங்கள். தேற்றாத்தீவில் வால் 'தீவு'. என்ன தீவு என்பதை 'தேற்றா' என்ற மரப்பேர் சொல்கிறது. கொக்கட்டிச்சோலை, கொக்கட்டி மரத்துச் சோலை. சுவீடிஷும் இதே சாதிதான்: குங்ஸ்காத்தன் என்றால் அரசன் தெரு, 'காத்தன்' தெரு. காத்தான்குடியோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பிள்ளை சிரித்துக்கொண்டே பிடித்துவிடும்.

2. மறுகா, ஒட்டுப்போட்ட எழுத்தைத் தேடுங்கள். தேற்றாத்தீவில் 'த்', களுவாஞ்சிக்குடியில் 'க்', கொக்கட்டிச்சோலையில் 'ச்'. குங்ஸ்காத்தனுக்கு நடுவில் நிற்கும் 'ஸ்' செய்வதும் அந்த வேலையைத்தான். நம்மிடம் க, ச, த, ப நான்கும்தான் இப்படி இரட்டிக்கும். ஓந்தாச்சிமடத்தில் 'ம்' ஏன் வரவில்லை என்று பிள்ளை கேட்டால் விடை இதுதான்.

3. குசினிப் போத்தல்களில் பேர் ஒட்டும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். மிளகாய்த்தூள், கறித்தூள், கடலைப்பருப்பு. சீரகத்தூளில் 'ம்' எங்கே போனது என்று ஒரு கேள்வியும் போடலாம்.

4. ஒட்டைக் கைவிட்டால் பொருள் மாறும். 'கீரைக்கடை' போகிற இடம். 'கீரை கடை' மத்தை எடுக்கச் சொல்வது. சுவீடிஷில் இதே தொல்லை இடைவெளியால் வருகிறது. தாதியைக் குறிக்கும் சுவீடிஷ் சொல்லை இரண்டாகப் பிரித்து எழுதினால், தாதியே நோயாளியாகிவிடுவார்!

5. கைதட்டிச் சொல்லுங்கள்: தேற் – றாத் – தீ – வு. நாலு தட்டு. சுவீடிஷ் கூட்டுச் சொல்லில் முதல் துண்டில் அழுத்தம் விழும், கடைசித் துண்டில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. அந்தப் பழக்கத்தில் பிள்ளை 'தேற்' என்று இடித்துவிட்டு மீதியை விழுங்கும். அழுத்தத்தை விட்டுவிட்டு நெடிலை நீட்டச் சொல்லுங்கள்; 'றா'வும் 'தீ'யும் குறுகினால் ஊர்ப்பேர் போச்சு.

6. தேற்றாத்தீவுக் கொம்புச்சந்திப் பிள்ளையார் திருவிழாவுக்குப் பதாகை அடிக்கிறவர்களுக்கு: இடம் போதாவிட்டால் 'தேற்றாத்' என்று மேல் வரியில் நிறுத்தி, 'தீவு' என்பதைக் கீழே போடுங்கள். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது. கணினி இதை எப்போதும் பார்ப்பதில்லை, நாம்தான் பார்க்கவேண்டும்.

7. தேற்றாத்தீவுப் பேரின் முன்பாதியைக் கையிலேயே கொடுங்கள். தேற்றாங்கொட்டை கிடைத்தால், மண்பானையின் உட்புறத்தில் நன்றாக உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றி வையுங்கள். மண்டி அடியில் படியும். தேற்றுதல் என்றால் தெளிவித்தல் என்று அப்போது சொன்னால் போதும். குடிப்பதற்கு அந்த நீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.