பதிவேட்டில் பெயரில்லாத தகப்பன்



விவாகமாகாத ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது. அதை வளர்க்க வகையில்லாமல் தத்துக் கொடுக்கத் தீர்மானிக்கிறாள். பிள்ளையில்லாத நல்ல தம்பதிகள் அதை ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கிறார்கள். தாய் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி வேறு யாரைக் கேட்க வேண்டும்? தகப்பனைக் கேட்க வேண்டாமா? அவன் யார், எங்கே இருக்கிறான், அவனுக்குப் பிள்ளைமேல் அக்கறை உண்டா என்பது ஒருவருக்கும் தெரியாவிட்டால் என்ன செய்வது?

இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாகாணங்கள் ஒரு வழி கண்டிருக்கின்றன. விவாகமாகாத தகப்பன்மாருக்கென்று அரசாங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. தன் பெயரை அதில் பதிந்துகொண்டவனுக்குச் செய்தி சொல்லாமல் பிள்ளையைத் தத்துக் கொடுக்க முடியாது. பதியாதவன் பெரும்பாலும் தன் உரிமையை இழந்துபோகிறான்.

"அந்நிய நாட்டுச் சட்டம் நமக்கு எதற்கு, சுவாமி?" என்று சிலர் கேட்கலாம். தகப்பன் என்பவன் யார், அவனுக்குள்ள உரிமை எங்கிருந்து வருகிறது என்பதை இச்சட்டம் நன்றாய் விளக்கிக் காட்டுகிறது. ஆகையால் இதைப் பொறுமையாய்ப் படிப்போமாக.

1. முதலில் இருந்த நிலைமை

அந்நாட்டில் முற்காலத்தில் விவாகமில்லாமல் பிறந்த பிள்ளையின் தகப்பன் சட்டத்தின் கண்ணுக்குப் பெரும்பாலும் அந்நியனாகவே இருந்தான். இல்லினாய் மாகாணத்தில் ஸ்டான்லி என்பவர் ஒரு பெண்ணோடு விட்டுவிட்டுப் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனானார். தாய் இறந்ததும் அரசாங்கம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. அவர் நல்லவரா கெட்டவரா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. விவாகம் செய்யாதவர், ஆகவே தகுதியற்றவர் என்று சட்டமே தீர்மானித்து வைத்திருந்தது.

1972-ம் ஆண்டில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தள்ளிவிட்டது. ஒருவன் தகுதியற்றவனென்று விசாரித்து நிரூபிக்காமல் அவன் பிள்ளைகளைப் பறிக்கக் கூடாது என்பது தீர்ப்பு.

இது நியாயமான தீர்ப்பே. ஆனால் இதிலிருந்து புதிய கஷ்டம் ஒன்று கிளம்பிற்று. பிள்ளையோடு வாழ்ந்தவரின் காரியம் தெளிவானது. பிள்ளையின் முகத்தையே பாராதவனையும் ஒவ்வொரு வழக்கிலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா? அப்படியானால் குழந்தை எத்தனை காலம் நிலையான வீடில்லாமல் காத்திருக்கும்?

2. ஒரு தபால் அட்டையின் வழக்கு

நியூயார்க் மாகாணம் இதற்காகவே ஒரு பதிவேட்டை ஏற்படுத்தியது. அதன்மேல் வந்த வழக்குத்தான் 1983-ல் தீர்ப்பான "லேர் எதிர் ராபர்ட்சன்" என்னும் வழக்கு.

லேர் என்பவருக்கு 1976 நவம்பரில் விவாகமில்லாமல் ஒரு பெண்குழந்தை பிறந்தது. எட்டு மாதத்திற்குப் பின் தாய் வேறொருவரை மணந்தாள். குழந்தைக்கு இரண்டு வயது கடந்தபின், 1978 டிசம்பரில், தாயும் கணவரும் தத்துக்கு மனுப் போட்டார்கள். லேர் 1979 ஜனவரி கடைசியில் வேறொரு கோர்ட்டில், தாமே தகப்பனென்று தீர்ப்புக் கேட்டு மனுச் செய்தார். தத்து வழக்கை விசாரித்த நியாயாதிபதிக்கு அது தெரிந்திருந்தும், அவரை அழைத்துக் கேளாமலே மார்ச்சு மாதத்தில் தத்தை உறுதிசெய்தார். ஏனென்றால் லேருடைய பெயர் பதிவேட்டில் இல்லை.

தாம் பிள்ளையைத் தேடியதாகவும், தாய் இருப்பிடத்தை மறைத்ததாகவும் அவர் முறையிட்டார். சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நியாயாதிபதிகளில் ஆறுபேர் அவருக்கு விரோதமாகவே தீர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இரத்த சம்பந்தம் தகப்பனுக்கு ஒரு வாய்ப்பை அளிக்கிறது. அவன் முன்வந்து பிள்ளையின் பாரத்தைச் சுமக்கும்போதுதான் அந்த வாய்ப்பு முழு உரிமையாகிறது. ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டிருந்தால் அவருக்குச் செய்தி வந்திருக்குமே என்றும் சொன்னார்கள்.

மூன்றுபேர் இதற்கு இணங்கவில்லை. ஆள் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கும்போது, அட்டை வரவில்லையென்று சொல்லி அவரைக் கேளாமல் விடுவது நியாயமாகாது என்பது அவர்கள் வாதம். இரு பக்கத்திலும் நியாயம் உண்டென்பதை நாமும் மறுக்க முடியாது.

3. பதிவு நடக்கும் விதம்

தகப்பன் என்று நினைக்கிறவன் ஒரு படிவத்தில் தன் பெயர், விலாசம், தாயின் பெயர், குழந்தை பிறந்த அல்லது பிறக்கக்கூடிய காலம் முதலியவற்றை எழுதி அனுப்புகிறான். இதற்குத் தாயின் சம்மதம் வேண்டியதில்லை. குழந்தை பிறக்குமுன்பே பதியலாம். விலாசம் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தத்து மனு வரும்போது பதிவேட்டைத் தேடிப் பார்த்து, பெயர் இருந்தால் அவனுக்கு நோட்டீசு அனுப்புகிறார்கள்.

கெடு மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். டெக்சாஸில் பிறந்த நாளிலிருந்து 31 நாள். இல்லினாயில் 30 நாள். ஒஹாயோவில் முன்பு 30 நாளாக இருந்தது, 2015 முதல் 15 நாளாகக் குறைந்தது.

மூன்று காரியங்களை மறக்கலாகாது. முதலாவது, பதிவு செய்ததால் மட்டும் பிள்ளை அவன் கைக்கு வந்துவிடாது. அவன் சொல்லைக் கோர்ட்டு கேட்கும், அவ்வளவே. இரண்டாவது, தகப்பன் என்று எழுதிக் கொடுத்தவன் பிள்ளையின் செலவுக்குப் பணம் கொடுக்கவும் கட்டுப்படலாம். உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையை விட்டுவிட வழியில்லை. மூன்றாவது, தேசம் முழுமைக்கும் பொதுவான பதிவேடு ஒன்று கிடையாது. தாய் வேறு மாகாணத்தில் பிரசவித்தால், இங்கே பதிந்தது அங்கே உதவாமற்போகலாம்.

4. பிள்ளை படும் பாடு

இவ்வளவு குறுகிய கெடு எதற்கு? இல்லினாயில் 1991-ல் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பிரசவ காலத்தில் தகப்பனும் தாயும் பிரிந்திருந்தார்கள். குழந்தை இறந்துவிட்டதென்று தகப்பனுக்குச் சொல்லப்பட்டது. உயிரோடிருக்கிறதென்று 57-ம் நாளில் அறிந்து அவர் வழக்காடினார். அதற்குள் குழந்தை வேறு வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. வழக்கு 1994-ல்தான் அவர் பக்கம் தீர்ந்தது. 1995 ஏப்ரல் 30-ல், நான்கு வயதான அந்தப் பிள்ளையை, அதுவரை அம்மா அப்பா என்று அழைத்தவர்களிடமிருந்து பிரித்து, தகப்பன் கையில் ஒப்புவித்தார்கள். அக்காட்சியைச் செய்தித்தாள்களில் பார்த்துத் தேசமே கலங்கிற்று.

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த 1994-ம் ஆண்டிலேயே அந்த மாகாணம் பதிவேட்டுச் சட்டத்தை இயற்றியது. பிள்ளை ஒருமுறை வேரூன்றியபின் பிடுங்கப்படலாகாது என்பதே அதன் எண்ணம். ஆனால் அச்சட்டத்தின்படி, கர்ப்பமோ பிறப்போ எனக்குத் தெரியாது என்பது சாக்காகாது. அப்படியானால் ஏமாற்றப்பட்ட தகப்பனுக்கு வழி எது? பதிவேடு என்று ஒன்று இருப்பதையே அறியாத வாலிபனுக்கு வழி எது? சட்டம் அவனிடம் ஜாக்கிரதையை எதிர்பார்க்கிறதானால், அவனுக்கு அறிவிக்கவேண்டிய பாரம் அரசாங்கத்துக்கும் உண்டு. பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் அறிவிக்கப்படாத பதிவேடு பூட்டிய கதவுக்குச் சமானம்.

5. தாயின் மானம்

ஃபுளோரிடா மாகாணம் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தது. 2001-ல் வந்த சட்டத்தின்படி, தகப்பன் இன்னாரென்று தெரியாவிட்டால், பெண்ணின் பெயர், அடையாளம், தகப்பனாயிருக்கக்கூடியவர்களின் விவரம், கருவுற்றிருக்கக்கூடிய நாள், ஊர் இவற்றையெல்லாம் பத்திரிகையில் வெளியிட வேண்டும்! ஏற்கெனவே துக்கத்திலிருக்கும் பெண்ணை ஊர் நடுவில் நிறுத்துவதற்கு ஒப்பானது இது. 2003-ல் மேல்கோர்ட்டு அதை ரத்துசெய்தது. அதே ஆண்டில் அங்கேயும் பதிவேடு ஏற்பட்டது. பதிவேட்டில் ஆண்மகன் தானே தன் பெயரை எழுதுகிறான். பெண்ணை ஊரார் முன் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரியத்தில் பதிவேடு மேலான வழிதான்.

6. நம் நாட்டிலும் நம் கோவிலிலும்

நம் நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டும் 2015 ஜூலையில் இதற்கு நெருங்கிய ஒரு வழக்கைத் தீர்த்தது. விவாகமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருத்தி, தன் மகனுக்குத் தானே கார்டியனாயிருக்க 1890-ம் ஆண்டுச் சட்டப்படி மனுச் செய்தாள். தகப்பன் பெயரைச் சொல்லி அவருக்கு நோட்டீசு அனுப்பினால்தான் ஆயிற்று என்று கீழ்க்கோர்ட்டுகள் சொல்லின. சுப்ரீம் கோர்ட்டோ, பிள்ளைமேல் அக்கறை காட்டாத தகப்பனுக்கு நோட்டீசு அவசியமில்லை என்றது. அங்கே சொன்னதையே இங்கேயும் வேறு வார்த்தையில் சொன்னார்கள்.

திருச்சபையின் ஞானஸ்நானப் புத்தகத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 877-ம் பிரிவின்படி, விவாகமாகாத தாயின் பிள்ளைக்குத் தகப்பன் பெயரை எழுதவேண்டுமானால், அரசாங்கப் பத்திரம் இருக்க வேண்டும். அல்லது அவரே பங்குச் சுவாமியார் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் தாம் தகப்பனென்று வாயால் சொல்ல வேண்டும். ஊர்ப் பேச்சைக் கேட்டு எழுத முடியாது. சாட்சிகள் முன் நின்று "இது என் பிள்ளை" என்று சொல்ல ஒரு மனுஷனுக்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் உள்ளவனைப் பரிகசிக்காதீர்கள். அவன் தன் தப்பைப் பெருக்குகிறவனல்ல, குறைக்கிறவன்.

7. கற்றுக்கொள்ள வேண்டியவை

வாலிபரே, பிள்ளை உண்டானபின் மௌனமாயிருப்பது நடுநிலை அல்ல. மௌனமும் ஒரு விடைதான். கோர்ட்டு அதை "வேண்டாம்" என்றே எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட இக்கட்டு நேர்ந்தால், நாளை பார்க்கலாம் என்றிராமல் அங்குள்ள வக்கீலிடம் அன்றே போகச் சொல்லுங்கள்.

பெற்றோரே, மகன் தலைகுனிந்து வந்து உண்மையைச் சொல்லும் நாளில், வெட்கத்துக்குப் பயந்து அவனை ஒளித்து வைக்காதீர்கள். அவன் ஒளிந்திருக்கும் நாட்களில்தான் கெடு தீர்ந்துபோகிறது.

தத்து எடுத்து வளர்ப்போரே, உங்கள் அன்பு இரண்டாந்தரமானதல்ல. அர்ச். சூசையப்பர் மாம்சத்தின்படி தகப்பனல்ல. ஆயினும் பிள்ளைக்குப் பெயரிட்டு, இராத்திரியில் எழுந்து எகிப்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார். ஆனால் நேர்வழியில், எவரையும் ஏமாற்றாமல் வந்த பிள்ளையே உங்கள் வீட்டில் சமாதானத்தோடு தங்கும்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. லேருடைய வழக்கில் நீங்கள் நியாயாதிபதியாயிருந்தால், ஆறுபேரோடு சேர்வீர்களா, மூன்றுபேரோடா? ஏன்?

2. நான்கு வயதுப் பிள்ளையின் வழக்கில், தகப்பனுக்கும் வளர்த்தவர்களுக்கும் கெடுதியில்லாதபடி, தொடக்கத்திலேயே யார் என்ன செய்திருக்க வேண்டும்?

3. விவாகமில்லாமல் தாயான ஒரு பெண் நம் தெருவில் இருந்தால், அவள் உண்மையைப் பயமின்றிச் சொல்லும்படியான வீடு நம்முடையதா?