ஓய்வறை ஆடம்பரமா?

கேள்வி: நோயாளிகளுக்கே படுக்கை போதாத அரசாங்க ஆஸ்பத்திரியில், ஊழியர் நலனைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமன்றோ?

பதில்: ஆடம்பரமே அன்று. வசதியுள்ளவர் வேறிடம் போய்விடுவார். போக்கிடமற்ற ஏழையோ, இரவெல்லாம் கண்விழித்துச் சோர்ந்த நர்ஸின் கையால்தான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவன் ஆதலால், அவளுடைய களைப்பு அவன் தலையிலேயே விடிகிறது. 2024 ஆகஸ்டில் கல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், நெடுநேரப் பணிக்குப்பின் கருத்தரங்கக் கூடத்தில் இளைப்பாறச் சென்ற பயிற்சி மருத்துவர் கொலையுண்ட பிறகே, உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை நியமித்து, ஓய்வறை, வெளிச்சம், இரவுப் போக்குவரத்து முதலிய சாதாரண விஷயங்களை ஆராயச் சொல்ல நேர்ந்தது. (தாமதமான ஞானோதயந்தான்!) ஆயினும், வார்டைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் அதே ஏழை ஜனங்களில் ஒருத்தி, நோயுற்றால் அதே ஓ.பி. வரிசையில் சீட்டுக்கு நிற்பவள் என்பதை மறந்து, டாக்டருக்கு மட்டும் கட்டில் போட்டுக் கொடுத்தால், அதனைச் சமத்துவம் என்று நான் ஒப்பேன்.