உண்மையே முதல் மருந்து
(இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் வரலாறு உணர்த்தும் பாடம்)

முன்னுரை

ஊரில் பிணக்கு நேர்ந்து இரு சாராரும் ஜமாஅத்தின் முன் நிற்கையில், ‘போனது போகட்டும், ஸலாம் சொல்லிக் கைகொடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பெரியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்லே அது. ஆயினும், நடந்தது இன்னதென்று வெளிப்படாமல் கொடுக்கப்படும் கை நெடுநாள் இணைந்திருப்பதில்லை. நிறத்தின் பெயரால் பிளவுண்ட ஒரு நாட்டுக்கும் இது பொருந்துமா? தென்னாப்பிரிக்க வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

நிறவெறியும் இமாமின் பணியும்

1948-இல் தென்னாப்பிரிக்காவில் ஆட்சியேறிய தேசியக் கட்சி, மக்களை நிறத்தால் பிரிக்கும் கொள்கையைச் சட்டமாக்கியது. இன்ன நிறத்தார் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்தம் வழித்தோன்றல்களும் இக்கொடுமைக்கு ஆளாயினர்.

இக்காலத்தில், கேப்டவுன் நகரின் கிளேர்மாண்ட் பகுதியிலுள்ள அல்-ஜாமிஆ பள்ளிவாசலுக்கு 1955-இல் இமாமாகப் பொறுப்பேற்றவர் அப்துல்லாஹ் ஹாரூன். இவர் பள்ளிவாசலோடு தம் பணியை நிறுத்திக்கொள்ளவில்லை. கறுப்பின மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட லாங்கா, குகுலேத்து, நியாங்கா ஆகிய குடியிருப்புகளுக்குச் சென்று அவர்களோடு உறவு கொண்டார். சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்கு மறைவாகப் பொருளுதவி சேர்ப்பித்தார். நிறவெறி இஸ்லாத்துக்கு முரணானது என்று வெளிப்படையாக உரைத்தார்.

28.5.1969 அன்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மீலாது நாளில், இமாம் கைது செய்யப்பட்டார். 123 நாள்கள் தனிமைச் சிறை. 27.9.1969 அன்று காவலிலேயே உயிர் துறந்தார். படிக்கட்டில் தவறி விழுந்தார் என்றது காவல்துறை. உடலிலோ 27 காயத் தடங்கள் இருந்தன. ஆயினும் 1970-இல் நடந்த விசாரணை, எவரையும் குற்றவாளியெனக் கூறாது முடிந்தது.

ஜனாஸாவில் பல்லாயிரவர் திரண்டனர். இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. 1971-இல் பெர்னார்டு ரேங்க்மோர் என்னும் கிறித்தவப் பாதிரியார், இம்மரணம் பற்றி மறுவிசாரணை வேண்டி, கேப்டவுன் மலைமீதுள்ள முஸ்லிம் பெரியார் ஒருவரின் அடக்கத்தலத்தில் அறுபது நாள்களுக்கும் மேலாக உண்ணா நோன்பிருந்தார். சமயம் கடந்து நீதிக்காகப் பசித்திருந்த அவரை நாம் மறத்தல் தகாது.

ஆணையத்தின் அருமையும் குறையும்

1994-இல் மண்டேலா ஆட்சிப் பொறுப்பேற்றார். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அதன் தலைவரானார். 1996 ஏப்ரலில் பொது அமர்வுகள் தொடங்கின. இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் துயரைப் பதிவு செய்தனர். அதுவரை அரசு மறுத்து வந்த கொடுமைகளை நாடு முழுவதும் கேட்டது. குற்றமிழைத்தவர் முழு உண்மையையும் ஒப்புக்கொண்டால் பொது மன்னிப்புக் கோரலாம் என்னும் வாய்ப்பும் இருந்தது. ஆனால், விண்ணப்பித்தோருள் பெரும்பாலோர்க்கு அது மறுக்கப்பட்டது.

இவ்வளவும் செய்த ஆணையம் ஓரிடத்தில் தளர்ந்தது எனலாம். பதிவுபெற்ற பாதிக்கப்பட்டோர்க்கு 2003-இல் அறிவிக்கப்பட்ட ஈட்டுத்தொகை, தலைக்கு 30,000 ராண்டு மட்டுமே. மன்னிப்புக் கோராத, மன்னிப்புப் பெறாத குற்றவாளிகள் மீதான வழக்குகளுள் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தன.

இமாமின் குடும்பத்தார் சோர்ந்துவிடவில்லை. அவர்களின் விடாமுயற்சியால் 2022 நவம்பரில் விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. படிக்கட்டுக் கதை பொய். சித்திரவதையே மரணத்துக்குக் காரணம் என்று 9.10.2023 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! அதைக் கேட்க இமாமின் துணைவியார் உயிருடன் இல்லை. 2019-இலேயே அவர் மறைந்துவிட்டார். எவரும் தண்டிக்கப்படவில்லை. எனினும், ஒரு பொய் அரசின் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அதுவும் ஓர் ஆறுதலே.

நாம் பெறும் பாடம்

தௌபாவின் நிபந்தனைகளை நாம் மத்ரஸாவிலேயே கற்றிருக்கிறோம். பாவத்தை விட்டு விலகல், மனம் வருந்துதல், மீண்டும் செய்யாதிருக்க உறுதி பூணல் என்பன அவை. பிற மனிதரின் உரிமையைப் பறித்திருந்தால், அதனைத் திருப்பி அளித்தலும் அல்லது அவரது மன்னிப்பைப் பெறுதலும் வேண்டும். ஹக்குல் இபாத் எனப்படும் இக்கடன், தொழுகையாலோ நோன்பாலோ மட்டும் தீர்வதன்று. தனி மனிதனுக்குரிய இந்நெறி சமுதாயத்துக்கும் உரியதே என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டுகிறது. உண்மை வெளிப்படல், ஒப்புக்கொள்ளல், ஈடு செய்தல் என்னும் மூன்றும் நிகழ்ந்த பின்னரே மன்னிப்பு முழுமையுறும்.

மன்னிப்பு வழங்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உண்டு. நடுவில் நிற்போர்க்கு இல்லை. சமுதாயத்தை வழிநடத்துவோர் செய்யத்தக்கது அவர் பேசி முடிக்கும்வரை கேட்பதும், பேசியதற்காக அவருக்குத் தீங்கு நேராமல் காப்பதுமேயாம்.

நிறைவுரை

சாதியின் பெயரால், சமயத்தின் பெயரால், நிறத்தின் பெயரால் காயமுற்றோர் நம் வகுப்பறைகளிலும் தெருக்களிலும் உளர். நாளை ஆசிரியராகவும், ஜமாஅத் பொறுப்பாளராகவும் அமரவிருக்கும் மாணவச் செல்வங்கள், ‘போனது போகட்டும்’ என்று கூறுமுன், ‘போனது என்ன?’ என்று ஒருமுறை கேட்பார்களாக. அக்கேள்வியில்தான் நல்லிணக்கம் தொடங்குகிறது.