பதில் எழுதிய குடும்பம்

எங்கள் நான்காம் வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி உண்டு. பழைய காலணிப் பெட்டியில் துளையிட்டு, வண்ணத்தாள் ஒட்டிச் செய்தது. மாதக் கடைசியில் திறந்து, பாடத்தை ஒட்டிய நல்ல கேள்விகளை மட்டும் எடுத்து வகுப்பில் பேசுவேன். மற்றவை பெட்டியிலேயே கிடக்கும். ஒருநாள் ஒரு சீட்டில், ‘டீச்சர், போன மாசம் நான் போட்டதைப் படிச்சீங்களா?’ என்று எழுதியிருந்தது. படித்திருந்தேன், பதில்தான் சொல்லவில்லை.

அந்த நாள்களில்தான் ‘ஹைலைட்ஸ்’ என்னும் அமெரிக்கச் சிறுவர் இதழின் வரலாற்றைப் படித்தேன். அதைத் தொடங்கியவர்கள் கேரி மையர்ஸ், கரோலின் மையர்ஸ் என்னும் தம்பதியர். கணவர் உளவியல் அறிஞர், மனைவி ஆசிரியர். முதல் உலகப்போர்க் காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத படைவீரர்களுக்கு இருவரும் எழுத்தறிவு கற்பித்தவர்கள்.

1946 ஜூனில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹோன்ஸ்டேல் என்னும் சிற்றூரில் இருந்து முதல் இதழ் வெளிவந்தது. அப்போது இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. ‘நோக்கமுள்ள மகிழ்ச்சி’ என்பது இதழின் கொள்கை. படத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருள்களைக் கண்டுபிடிக்கும் புதிர் முதல் இதழிலேயே இடம்பெற்றது.

இதழில் விளம்பரம் கிடையாது, சந்தாதான் வருமானம். தொடக்க ஆண்டுகளில் நிறுவனம் கடனில் தள்ளாடியது. விமானப் பொறியாளரான மகன் அந்த வேலையை விட்டுவிட்டு நிர்வாகத்துக்கு வந்தார். மருத்துவமனைகளின் காத்திருப்பு அறைகளில் இதழை வைக்கும் வழி கைகொடுத்தது. அங்கே புரட்டிப் பார்த்த குழந்தைகள் வீட்டிலும் அதைக் கேட்டார்கள்.

1960 டிசம்பர் 16 அன்று நியூயார்க் நகரின் மேலே இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. அந்த மகனும் மருமகளும் நிறுவனத்தின் முக்கிய நிர்வாகி ஒருவரும் அதில் இறந்தனர். ஐந்து பேரக்குழந்தைகள் பெற்றோரை இழந்தனர். ஆனாலும் இதழ் நிற்கவில்லை. பின்னாளில் பேரன் கென்ட் பிரவுன் இதழாசிரியரானார். கொள்ளுப்பேரன் கென்ட் ஜான்சன் நிறுவனத் தலைமைக்கு வந்தார். 2006இல் நூறு கோடியாவது பிரதி அச்சானது.

இவ்வளவிலும் என்னை நிறுத்தியது ஒரு வழக்கம். இதழுக்குக் கடிதம் எழுதும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவர்கள் பதில் எழுதுகிறார்கள். வெளியிடத் தகுந்த கடிதமா என்று பார்த்து அல்ல, எல்லாக் கடிதங்களுக்கும். நண்பனோடு சண்டை, வீட்டில் பிரிவு, பயம் என்று எதை எழுதினாலும் பதில் உண்டு.

மறுநாள் பெட்டியின் அடியில் கிடந்த பழைய சீட்டுகளைத் தேடினேன். அதே கையெழுத்தில் இன்னொன்று கிடைத்தது: ‘அம்மா அப்பா செங்கல் சூளைக்குப் போனா நான் எந்த ஸ்கூல்ல படிப்பேன்?’

அதைப் ‘பாடத்தில் இல்லாத கேள்வி’ என்று ஒதுக்கியது நான்தான். பதில் எழுதும் முன் தலைமையாசிரியருடன் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். பெற்றோர் சூளைக்குப் போய்விட்டார்கள். பாட்டியிடம் தங்கி அவள் எங்கள் பள்ளியிலேயே படிக்கிறாள்.

இப்போது நாங்கள் பின்பற்றும் முறை இது:

1. பெட்டியை மாதம் ஒருமுறை அல்ல, வாரம்தோறும் வெள்ளிக்கிழமை திறக்கிறோம்.

2. ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு வரியாவது நான் கைப்பட எழுதித் தருகிறேன். தெரியாத கேள்விக்கு, ‘சேர்ந்து தேடுவோம்’ என்று எழுதுகிறேன்.

3. சொந்தக் கவலைகளை வகுப்பில் வாசிப்பதில்லை. பதிலை மடித்து, அந்தக் குழந்தையின் கையில் மட்டும் கொடுக்கிறேன்.

4. மற்றவற்றைக் கொண்டு மாணவர்களே மாதம் ஒரு கையெழுத்து இதழ் செய்கிறார்கள். ஒளிந்திருக்கும் பொருள் புதிரையும் அவர்களே வரைகிறார்கள்.

வகுப்பில் 26 பேர். பதில் எழுத வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை.