நீலமலையில் ஊர்வன தேடல்: ஒருநாட் பாடம்

பாம்பையும் ஓந்தியையும் சாராயக் குடுவைக்குள் கண்டு கற்றவர், அவற்றின் நிறத்தையும் அறியார், நடையையும் அறியார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகை வரை செல்லும் மலைப்பாதை இக்குறையைத் தீர்க்க வல்லது. ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குள் நிலம் கடல்மட்டத்திற்கு மேல் 300 மீட்டர் அளவிலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலாக உயர்கிறது. வெப்பம் குறையக் குறைய, வாழும் ஊர்வனவும் வேறாகின்றன. பாதையோரத்தைக் காண எவர்க்கும் தடையில்லை. காட்டிற்குள் நுழையவோ உயிரைப் பிடிக்கவோ எண்ணுவோர் வனத்துறையின் இசைவைப் பெறல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு கட்டளையிடுகிறது.

வைகறையிலேயே புறப்பட வேண்டுமென ஆர்வலர் விரைவர். பறவை காண்பார்க்கே அது பொருந்தும். ஊர்வன தம் உடல் வெப்பத்தைப் புறத்திலிருந்து பெறுவன. கதிரவன் பாறையைச் சுடச்செய்த பின்னரே பெரும்பாலானவை வெளிப்படும். 'குளிர்ந்த குருதி உடையன' என்று பாடநூல்கள் கூறுவது அத்துணைப் பொருத்தமன்று. நண்பகல் வெயிலில் பாறைமேல் அமர்ந்திருக்கும் ஓந்தியின் குருதி நம் குருதியினும் குளிர்ந்ததென எவ்வாறு கூறுவது?

அடிவாரப் பாறைகளில் முதலில் தென்படுவது பாறை ஓந்தி. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு செம்மஞ்சளாகவும் பக்கங்கள் கருமையாகவும் மாறும். வேலிகளில் காணும் தோட்டத்து ஓணானுக்கு முதுகில் முள்வரிசை உண்டு. குறுந்தொகை 140ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், ஓதியின் முதுகைக் கருக்கரிவாளோடு ஒப்பிட்டமை ஈண்டு நினையத்தக்கது. நேரிற் கண்டவர்க்கே அவ்வுவமையின் நுட்பம் விளங்கும்.

அடிவாரப் புதர்க்காடு உடும்புக்கும் உரியது. உடும்பு என்றவுடன் உமறுப் புலவரின் சீறாப்புராணத்து 'உடும்பு பேசிய படலம்' நம் மாணவர் நினைவுக்கு வரும். அரபு மரபில் அவ்வரலாற்றில் இடம்பெறும் உயிர் 'ளப்பு' ஆகும். அது பாலைநிலத்தில் வளைதோண்டி வாழ்வது, முள்வால் கொண்டது, பெரிதும் இலைதழைகளையே உண்பது. நம் நாட்டு உடும்போ ஊன் உண்ணி, பிளவுண்ட நீள்நாவினது. உயிரியல் நோக்கில் இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. எனினும், தமிழ்நிலத்தார் கண்முன் நின்ற பருத்த உடலும் வலிய நகமும் கொண்ட உயிரின் பெயரைப் புலவர் ஆண்டது பிழையன்று என்பதே என் துணிபு. காப்பியத்திற்கு வேண்டுவது கேட்போர் உள்ளத்தில் எழும் உருவம்.

உதகையை அடைந்தபின் தோட்ட வேலிகளில் 'சாலியா' என்னும் மலை ஓந்தியைத் தேடலாம். பச்சையும் பழுப்பும் கலந்த உடலோடு கிளையில் அசையாதிருப்பதால் பலமுறை கண்ணுக்குத் தப்பும். ஆயினும் அன்றைய நாளின் உண்மையான பேறு மண்ணுக்கடியில் உள்ளது. அதுவே கேடயவால் பாம்பு. தலை கூர்மையாகவும் வால் மழுங்கியும் இருத்தலின், இதனை இருதலைப் பாம்பென மயங்குவாரும் உளர். மண்புழுக்களை உண்டு, மண்ணைத் துளைத்து வாழும் இவ்வுயிர்க்கு நஞ்சில்லை. கையிலெடுத்தாலும் கடிக்க முனையாது, விரலிடுக்கில் தலையைப் புகுத்தவே முயலும். வெயில் படுங்கால் இதன் செதில்களில் வானவில்லின் நிறங்கள் மின்னும். நீலமலையின் பெரோத்தே கேடயவால் பாம்பு, 1830களில் இங்கே உயிரினங்களைத் திரட்டிய பிரெஞ்சுத் தாவரவியலார் பெரோத்தேயின் பெயரைத் தாங்கியது. சென்னை மாகாண வனத்துறையிற் பணியாற்றிய பெடோம் (1830–1911) இக்குடும்பத்தின் பல இனங்களை முதன்முதலாக விவரித்தார். இவ்வினங்களுட் பல, ஒரு மலையில் உள்ளது அடுத்த மலையில் இல்லை என்னும் அளவிற்குக் குறுகிய வாழிடத்தன.

இவை முட்டையிடாமல் குட்டி ஈனுவன. குளிர்ந்த மலைமண்ணில் முட்டை பொரிவது அரிது என்பதைக் கருதின் இதன் பயன் புலப்படும். தொல்காப்பிய மரபியல் தவழ்வனவற்றின் இளமைக்குப் 'பார்ப்பு', 'பிள்ளை' என்னும் பெயர்களை வகுத்தது; இன்று நாம் பாம்புக்குட்டி என்கிறோம். 'பிள்ளை' என்பது அணிலோடும் கீரியோடும் நின்றுவிட்டது.

கல்லைப் புரட்டுவதற்கும் முறையுண்டு. அப்பாலுள்ள விளிம்பைப் பற்றித் தம்பக்கமாக உயர்த்தினால், உள்ளிருப்பது எதிர்ப்புறமாக ஓடும்; கல் இடையே கேடயமாக நிற்கும். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்தல் வேண்டும்; அதன் கீழுள்ள ஈரமே அவ்வுயிரின் வீடு.

உயர்மலைப் புல்வெளியில் இம்முறை இன்றியமையாதது. ஏனெனில் அங்கே குழிவிரியன் உண்டு. பிடரியில் குதிரை லாடம் போன்ற குறி உடையது. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே உள்ள குழியால் இரையின் வெப்பத்தை உணர்வது. நம் மருத்துவமனைகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கிற்கே உரியது. அதற்கு வேண்டும் நஞ்சைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வந்துள்ளது. நஞ்செடுத்த பாம்புகளைக் காட்டிலேயே விடுவது அவர் வழக்கம். அவ்வினத்தாராகிய வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

குழிவிரியன் கடிக்கு அம்மருந்து ஏற்புடையதன்று. ஆகவே கடித்தது எது என்று மருத்துவர் அறிதல் தேவை. அதன்பொருட்டுப் பாம்பை அடித்துக் கொண்டுபோவது நம்மூர்களில் வழக்கம். அடிக்கப்போய் இரண்டாமவரும் கடிபடுவதுண்டு. எட்ட நின்று எடுத்த ஒரு நிழற்படமே போதும். கடிவாயைக் கீறவும் இறுகக் கட்டவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காது தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவருட் பெரும்பாலோர் சிற்றூரினர். வீட்டில் இறந்தோரே மிகுதி.