மூன்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்

சென்னை பூந்தமல்லிக்குப் பக்கத்திலுள்ள கரையான்சாவடியில் நாங்கள் குடியேறியதற்குக் காரணம் எளிமையானது. என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. அவருடைய கம்பெனி பஸ் டிரங்க் ரோட்டிலேயே ஏற்றிக்கொள்ளும். நான் வேலப்பன்சாவடி, வானகரம் வழியாகப் போய்விடலாம். கல்யாணமான புதிதில் இருவர் வேலையையும் வைத்து வீடு பார்த்தோம். பிறகு வந்த பெரிய முடிவுகளையும் அதே முறையில்தான் எடுத்தோம்.

வீட்டு வேலை, உத்தியோகம், குழந்தை ஆகிய மூன்றையும் தனித்தனியே பேசினால் மூன்றும் கடைசியில் மனைவியின் தலையில்தான் வந்து விழும். மூன்றையும் ஒரே நோட்டில் எழுதினால்தான் கணவனின் பங்கு எங்கே குறைகிறது என்று தெரியும். எங்களுக்குக் கைகொடுத்த சில வழிகளைச் சொல்கிறேன்.

ஷிப்டுக்கு ஏற்ப வீட்டு வேலை

அவருக்கு முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மாறி மாறி வரும். "சமையல் உனக்கு, கடை எனக்கு" என்ற நிரந்தரப் பங்கீடு இப்படிப்பட்ட வீட்டில் நிற்காது. அதனால் வேலைகளை இரண்டாகப் பிரித்தோம். காலை டிபன், குழந்தையை வேன் ஏற்றுவது, ராத்திரிச் சாப்பாடு ஆகியவை நேரத்துக்கு நடந்தே ஆகவேண்டியவை. அந்த நேரத்தில் யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் செய்வார். மாவு அரைப்பது, துணி, மளிகை, ரேஷன், தண்ணீர் கேன் ஆகியவற்றுக்கு நேரக் கட்டாயம் இல்லை. அவை முழுக்க அவருடையவை.

முழுக்க என்றால், வெங்காயம் தீர்ந்துபோனதைக் கவனிப்பதும் சேர்த்துத்தான். பட்டியல் எழுதிக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் பாதி வேலை நம்மிடமே தங்கிவிடும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். உங்கள் வீட்டுக் கணக்கை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். யாரும் யாரிடமும் குரல் உயர்த்த வேண்டியிருக்காது.

இன்னொன்று: நைட் ஷிப்ட் முடித்து வந்தவரின் தூக்கத்தையும் வேலை நேரமாகவே மதிக்க வேண்டும். "சும்மாதானே படுத்திருக்கீங்க, குழந்தையைப் பாருங்க" என்று சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டோம். அந்த வாரங்களில் மட்டும் மதியத்துக்குப் பக்கத்துத் தெரு மெஸ்ஸில் சாப்பாடு வாங்குவோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சம்பளத்தோடு தூரத்தையும் பாருங்கள்

எனக்கு ஓ.எம்.ஆர். பக்கம் அதிகச் சம்பளத்தில் ஒரு வேலை வந்தது. அப்போது டிரங்க் ரோட்டில் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ பாதைக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. குமணன்சாவடியைத் தாண்டுவதே பெரும்பாடு. கூடுதல் சம்பளத்திலிருந்து பயணச் செலவு, குழந்தைக் காப்பகத்தில் கூடுதல் நேரத்துக்கான கட்டணம், சமைக்க ஆள் வைத்தால் ஆகும் பணம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தோம். மிஞ்சியது மிகச் சொற்பம். வேண்டாம் என்றேன்.

பிறகு அவருக்கு வெளியூர்க் கிளையில் பதவி உயர்வு வந்தபோது, இந்த முறை அவர் விட்டுக்கொடுத்தார். ஒருமுறை ஒருவர் விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை மற்றவரின் முறை. இந்த விதியைக் கல்யாணமான முதல் வருடத்திலேயே பேசிவிடுவது நல்லது. பேசாத வீட்டில் ஒவ்வொரு முறையும் பெண்ணே விட்டுக்கொடுப்பாள்.

வேலை மாறும் முன் சட்டத்தைப் பாருங்கள்

குழந்தை பெற எண்ணும் வருடத்தில் வேலை மாறுகிறீர்களா? மகப்பேறு விடுப்புச் சம்பளம் கிடைக்க, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு பிரசவங்களுக்குத் தலா 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்த்துவர தாய்க்கு உரிமை உண்டு. எஸ்டேட்டில் வேலை செய்யும் பல பெண்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கும். அதில் பேறுகாலப் பணம் பெற, முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும்.

தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு விடுப்பு தரச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. அதனால் என் கணவர் முந்தைய வருடத்திலிருந்தே ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைத்தார். கர்ப்பம் உறுதியானதும் அதை அரசிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கும் வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவைப்படும்.

"ஏதாவது விசேஷம் உண்டா?"

இந்தக் கேள்வி கல்யாணமான சில மாதங்களிலேயே வரும். எங்கள் ஏற்பாடு இதுதான்: அவர் வீட்டார் கேட்டால் அவர் பதில் சொல்வார், என் வீட்டார் கேட்டால் நான். அத்தை கேட்டபோது அவர், "அம்மா, நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் தள்ளிப் போட்டிருக்கோம். நேரம் வந்தா மொதல்ல உனக்குத்தான் சொல்வோம்" என்றார். "ரெண்டு பேரும்" என்று மகன் வாயிலிருந்து வந்ததால் மருமகள் மீது பழி விழவில்லை. அத்தை அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

கருத்தடை இருவர் பொறுப்பு

பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்குத் தனி அத்தியாயமே எழுதினார். மற்றவர்கள் உடல்நலத்தையும் குடும்பப் பொருளாதாரத்தையும் காரணம் காட்டிய காலத்தில், அவர் பெண்ணின் விடுதலைக்காக அதைக் கேட்டார். இன்றும் அந்தப் பேச்சு பல வீடுகளில் மனைவியும் டாக்டரும் மட்டும் பேசுவதாகவே இருக்கிறது. இருவரும் சேர்ந்து போங்கள். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு முயல 24 மாதமாவது காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் அதற்கும் கூடுதலாக இடைவெளி விட்டோம். மூத்தவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகே இரண்டாவது.

அதற்குப் பின் அறுவைச் சிகிச்சை யாருக்கு என்ற கேள்வி வந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் பெண் கருத்தடை அறுவைச் சிகிச்சை 37.9 சதவீதம், ஆணுக்குச் செய்வது 0.3 சதவீதம். இத்தனைக்கும் ஆணுக்கானதுதான் எளிது. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உடல் பலமோ தாம்பத்தியமோ குறையாது. ஆனால் மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு வேண்டும். விந்துப் பரிசோதனையில் உறுதியான பிறகே நம்பலாம். அவர் செய்துகொண்டார். சில நாள் கனமான பொருள் தூக்காமல் இருந்துவிட்டு ஷிப்டுக்குத் திரும்பினார்.

புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டை எடுத்து, யார் எந்த வேலை, யார் எந்த ஊர், குழந்தை எப்போது என்று இருவர் கையெழுத்திலும் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள். திருத்தும்போது பேனா கணவர் கையிலும் இருக்கட்டும்.